சாரலில் ஒரு பெரிய துளி

ஆகஸ்ட் 11

இந்த டைரி வங்கிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்தது. ஏழு மாதமாகக் கடை மேசையில் சீட்டுகள் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடந்தது. இன்று சேவியர் சார் சொன்னார் என்று பிரித்திருக்கிறேன். தலைவர் என்றால் நடப்பதை எழுதி வைக்க வேண்டுமாம். நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டால் எடுத்துக் காட்டலாமாம்.

நான் தவசிலிங்கம். மேட்டுநத்தம் கடைவீதியில் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். வயது அறுபத்து மூன்று. இன்று முதல் பேராசிரியர் கோமதிநாயகம் அருங்காட்சியகக் குழுவுக்குத் தலைவர். சேவியர் சார் செயலாளர். எங்கள் ஊர்ப் பள்ளியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் இன்னும் மணி அடித்தால்தான் நிறுத்துவார்.

கோமதிநாயகம் மழையை அளந்தவர். எவ்வளவு மழை பெய்தது என்று எல்லாரும்தான் அளக்கிறார்கள். அவர் ஒவ்வொரு துளியும் என்ன பருமன் என்று அளந்தார். ராடாரில் மழை பார்க்கிறவர்கள் இன்றைக்கும் அவர் போட்ட சூத்திரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று சார் சொல்கிறார். உலகமெல்லாம் சுற்றிவிட்டு, வேலை ஓய்ந்ததும் தங்கை வீட்டோடு இருக்க இந்த ஊருக்கே வந்தார். மழை எட்டிப் பார்க்காத கரிசல் காட்டில் மொட்டை மாடியில் நின்று அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் இறந்தார். மேல ரத வீதியில் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

வத்தல் வியாபாரிக்கு இதில் என்ன வேலை என்று ஊரில் கேட்கிறார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை. நாலுவழிச் சாலை ஊரை விட்டு விலகிப் போன பிறகு கடைவீதியில் வெளியூர்க் கால் படுவதில்லை. வாரத்துக்கு நாலு பள்ளிக்கூடப் பஸ் வந்து நின்றால் டீக்கடையிலிருந்து பாத்திரக் கடை வரை பிழைக்கும். முழுக்க வியாபாரம். வேறு ஒன்றும் கிடையாது.

என் வீட்டுக்காரி ராஜகனியிடமும் இதையே சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே "அப்படியா" என்றாள்.

ஆகஸ்ட் 20

அந்த வீட்டை அருங்காட்சியகமாக்கக் கேட்டு அரசாங்கத்துக்கு மனு. அதற்குக் கையெழுத்து வாங்கக் கடை கடையாக ஏறி இறங்கினோம். முதல் மூன்று கடையில் சார்தான் பேசினார். மேகம், குளிர்ச்சி, துளி உடைவது என்று அவர் வகுப்பு எடுக்க, இரும்புக் கடைக்காரர் கொட்டாவியை அடக்க முடியாமல் கையெழுத்துப் போட்டார். நாலாவது கடையிலிருந்து நான் பேசினேன். பஸ் எங்கே நிற்கும், பிள்ளைகள் எங்கே தண்ணீர் குடிக்கும், டீச்சர்கள் எங்கே சேலை பார்ப்பார்கள். அதன் பிறகு பேனா தானாக வந்தது.

நகைக் கடைக்காரர் மட்டும் குரலைத் தாழ்த்தி, கோமதிநாயகம் என்ன ஆள் என்று கேட்டார்.

"உங்க வாசல்ல பஸ்ஸு நிக்கும்னு சொல்லுதேன். நீங்க பஸ்ஸு என்ன ஆளுன்னு கேக்கீகளே" என்றேன். சிரித்துவிட்டுக் குடும்பத்தில் எட்டுப் பேரையும் போட வைத்தார்.

உழவர் சந்தையில் ஒரு சம்சாரி, "மழை படிச்சவருன்னா நம்ம ஊருக்கு ஒரு மழையக் கொண்டாந்திருக்கலாம்லா?" என்றார். சாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் அந்தச் சம்சாரியும் ரேகை வைத்தார்.

சேவுக்கடை முத்துக்காளை தன் கடைப் பையில் பேராசிரியர் படத்தை அச்சடிக்கிறேன் என்றிருக்கிறான். அவன் அப்பா காலத்திலிருந்து நாலு ஊருக்குப் பேர்போன கடை. நல்ல யோசனை. படம் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்விடும்.

ஆகஸ்ட் 29

பையில் படம் வந்துவிட்டது. பிள்ளைகள் அவரைச் சேவுத் தாத்தா என்கிறார்கள். சார் வருத்தப்படுகிறார். பெயர் தெரியாமல் இருந்ததற்கு இது தேவலை என்றேன்.

செப்டம்பர் 3

மனுவுக்குச் சென்னையிலிருந்து பதில் கடிதம் வந்தது. உறையிலிருந்து எடுத்ததும் நான் வழக்கம்போல நாக்கில் விரலைத் தொட்டுத் தாளின் ஓரத்தில் வைத்தேன். "அண்ணாச்சி, அது அரசாங்கக் கடுதாசி" என்று சார் பதறினார்.

பழைய கை. வத்தலுக்கு முன்னால் நான் சைக்கிளில் பழைய பேப்பர் எடுத்தவன். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்தத் தாளையும் ஈர விரல் வைத்துத்தான் எடுப்பேன். ஈரம் சடாரென்று உள்ளே இறங்கினால் அது எண்ணெய் குடிக்கும் தாள். சேவுக் கடைக்குப் போகும். இறங்காமல் நின்றால் பலசரக்குக் கடைக்கு. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் விரல் தானாகப் போகிறது. ராஜகனியிடம் திட்டு வாங்கியும் நிற்கவில்லை.

கடிதத்தில் இரண்டு நிபந்தனை. வீட்டை வாரிசு எழுதிக் கொடுக்க வேண்டும். பேராசிரியர் கையால் செய்த மூல ஆவணம் ஏதாவது வேண்டும். டிசம்பர் முடிவதற்குள் இரண்டும் இல்லாவிட்டால் ஒதுக்கீடு மாவட்டத் தலைநகரில் வரப்போகிற அறிவியல் மையத்துக்குப் போய்விடும்.

வாரிசு அவருடைய தங்கை மகள் சுந்தரவல்லி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் தூத்துக்குடியில் இருக்கிறார். மூல ஆவணம்தான் சிக்கல். சார் விளக்கினார். தடிமனான, ஈரம் உறிஞ்சும் வெள்ளைத் தாள். அதில் ஒரு சாயப்பொடி பூசியிருக்கும். காய்ந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விநாடி மழையில் நீட்டினால் துளி விழுந்த இடமெல்லாம் நீலப் புள்ளியாகிவிடும். அதை அளந்து துளியின் பருமனைச் சொல்வார். அப்படிப் பதினாலு கட்டு இருந்ததாக நண்பர் ஒருவருக்கு எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு ஒரு தாளைக் கூட யாரும் பார்க்கவில்லை.

எனக்கு அதைப் பற்றி என்ன தெரியும்.

குண்டூர் வத்தல் நாலு லோடு இறங்கியது. ஒரு லோடில் ஈரம் கூடுதல். திருப்பி அனுப்பச் சொன்னேன்.

செப்டம்பர் 12

டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சுந்தரவல்லி அந்தத் தாள்களை ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டாராம். அந்தப் பணத்தில்தான் தூத்துக்குடியில் வீடு கட்டினாராம். யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுகிறார்கள். இன்று குழுக் கூட்டத்திலும் ஒருவர் அதையே சொன்னார். சாரும், "இருந்தாலும் இருக்கும். இல்லைனா பதினாலு கட்டு எங்க போகும்?" என்றார்.

தலைவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார்கள். ஆதாரம் இல்லாமல் பேச வேண்டாம் என்றேன். நியாயமாகப் பேசினேன் என்று பாராட்டினார்கள்.

செப்டம்பர் 24

தூத்துக்குடி போய் வந்தேன். சாருக்குக் காய்ச்சல், நான் தனியாகத்தான் போனேன்.

சின்ன வீடு. வாசலில் இரண்டு செம்பருத்தி. வெளிநாட்டுப் பணத்தில் கட்டினதாகத் தெரியவில்லை. அந்த அம்மாள் மெலிந்த உருவம். தொலைபேசியில் பேசிப் பழகிய குரல். ஒரு வார்த்தையை இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை. காபி கொடுத்தார். பள்ளிப் பஸ், கடைவீதி, மாமாவின் பெயர் நிலைக்கும் என்று நான் கொண்டுபோன சரக்கை எல்லாம் அவிழ்த்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு, ஊரில் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பது தெரியும் என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். மாமா போன பிறகு அவர் வேலை பார்த்த இடத்துக்கு இரண்டு தடவை எழுதினாராம். பதில் இல்லை. பொங்கல் வந்தது. வெள்ளையடிக்க வீட்டை ஒழிக்க வேண்டும். அம்மா மாடி அறையைக் காலி செய்யச் சொன்னார். அந்த வாரம் முழுக்கத் தெருவில் பழைய பேப்பர்க்காரர்கள் நடமாட்டம். சைக்கிளில் ஒருவன் வந்தான்.

"மை கொட்டின தாளு, எவன் வாங்குவான்னான். நானும் சரின்னு குடுத்துட்டேன்" என்றார். அங்கே நிறுத்தி என்னைப் பார்த்தார். "அவனுக்கு இருபது, இருபத்தொண்ணு இருக்கும். இப்ப எங்க இருக்கானோ."

காபி ஆறிவிட்டது. ஆறின காபியைக் குடித்தேன்.

வீட்டுப் பத்திரத்தின் நகலை எடுத்து வந்து கையில் கொடுத்தார். வாங்கிப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எழுதித் தரமாட்டேன் என்றார். "திருடின்னு சொல்லுத ஊருக்கு நான் எதுக்கு வீட்டக் குடுக்கணும்? அந்தப் பேச்ச நிறுத்திட்டு வாங்க."

நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 25

வத்தல் விலை இறக்கம். கடையில் வேலை அதிகம்.

செப்டம்பர் 26

வேலை.

அக்டோபர் 17

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

இன்று சாயங்காலம் முதல் மழை. களத்தில் மல்லி காய்ந்தது. தார்ப்பாய் போட்டு மூட ஓடினோம். மூடிவிட்டு நனைந்தபடி நின்றபோது மேல ரத வீதி வீட்டு மாடி கண்ணில் பட்டது. அந்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டி, குடை பிடிக்காமல், இரண்டு கையாலும் ஒரு பலகையை நீட்டி, சாமிக்குத் தட்டு எடுக்கிறவர் மாதிரி நிற்பார். உடனே உள்ளே ஓடுவார். மறுபடி வருவார். தெருவில் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு பார்த்திருக்கிறேன். கிறுக்கு என்று நினைத்தேன்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராஜகனி துண்டு கொடுத்தாள். "தூத்துக்குடி போய்ட்டு வந்ததுலருந்து சோறு இறங்க மாட்டேங்குது உங்களுக்கு" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். "வயிறுதான்" என்றாள்.

நவம்பர் 5

பொருள் சேகரிக்கும் நாள். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேசை போட்டு, பேராசிரியர் சம்பந்தப்பட்டது எது இருந்தாலும் கொண்டுவரலாம் என்று ஆட்டோவில் அறிவித்திருந்தோம். ஒருவர் அவர் உட்கார்ந்த நாற்காலி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் அடியில் சலூன் பெயர் எழுதியிருந்தது; ஊர் முழுக்க உட்கார்ந்த நாற்காலி. இன்னொருவர் அவருக்குச் சவரம் செய்த கத்தி. சார் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ராஜகனி வந்தாள். என்னிடம் எதுவும் சொல்லாமல் நேராகச் சாரின் மேசைக்குப் போய், முந்தானையில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வைத்தாள். நாலாக மடித்த தாள். பழுப்பேறி, நடுவில் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. சார் பிரித்தார். முழுக்க நீலப் புள்ளி. கடுகு கடுகாக. மேலே பேராசிரியர் கையெழுத்தில் தேதி, நேரம், 'மேற்கு மாடி, சாரல்' என்று இருந்தது.

சார் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

"எனக்கு நிச்சயம் பண்ணின வருசம் சேவு மடிச்சு வந்துச்சு. புள்ளி அழகா இருக்கேன்னு டிரங்குப் பெட்டியில போட்டு வச்சேன்" என்றாள். யார் மடித்துக் கொண்டுவந்தது என்று அவள் சொல்லவில்லை. சாரும் கேட்கவில்லை.

முத்துக்காளை எட்டிப் பார்த்துவிட்டுக் குதித்தான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடையில் இந்தத் தாள் கட்டுக்கட்டாகக் கிடந்ததாம். பிள்ளைகள் ஒட்டிக்கொண்ட தூளை நக்கப்போய் நாக்கெல்லாம் நீலமாகுமாம். அதற்காகவே நீலப் பொட்டலம் கேட்டு வாங்குவார்களாம். தாள் யார் கொடுத்தது என்றால் அவனுக்குத் தெரியாது. அப்பா எத்தனையோ பேரிடம் வாங்குவார்.

எல்லாரும் ராஜகனிக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டில் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாளைமீன் குழம்பு வைத்திருந்தாள்.

நவம்பர் 8

சார் கடைக்கே ஓடி வந்தார். மூன்று நாளாகப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு புள்ளியாக எண்ணியிருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு. இருநூற்றுப் பதினொன்று கடுகளவு. சாரல் என்றால் அப்படித்தான் இருக்கும். ஒன்று மட்டும் மேல் மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, கொஞ்சம் நீள்வட்டமாக.

"சாரல்ல இப்படி ஒரு துளி விழவே முடியாது அண்ணாச்சி. ஆனா விழுந்திருக்கு. அவர் கடைசியா எதையோ கண்டுபிடிச்சிருக்கார். யாருகிட்டயும் சொல்லாமப் போயிட்டார்" என்றார். கண் கலங்கியிருந்தது. பன்னிரண்டாம் தேதி சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். அவர் முன்னால் அதைத் திரை போட்டுக் காட்டி, 'பேராசிரியர் விட்டுச் சென்ற கேள்வி' என்று பேசப் போகிறார். அது அதிகாரியின் குறிப்பில் ஏறிவிட்டால் மூல ஆவணத்துக்கு இந்த ஒரு தாளே போதும், வேறு எவனும் அசைக்க முடியாது என்றார்.

கணக்காக யோசித்தால் அவர் சொல்வது சரி. அந்தப் புள்ளி அருங்காட்சியகத்தைக் கொண்டுவந்துவிடும்.

என் வலது கை ஆட்காட்டி விரலை மேசை விளிம்பில் வைத்துப் பார்த்தேன். நீள்வட்டம்.

நவம்பர் 10

இதுவரை சுற்றி வளைத்துவிட்டேன். வியாபாரத்தில் இப்படி ஒருவன் பேசினால் எழுந்து போகச் சொல்லிவிடுவேன்.

அந்தச் சைக்கிள்காரன் நான். எண்பத்திரண்டு பொங்கலுக்கு முந்திய வாரம். பதினாலு கட்டையும் தராசில் போட்டு எடுத்தேன். ஒவ்வொரு கட்டிலும் மேல் தாளில் விரல் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு வேகமாக ஈரம் குடித்த தாளை நான் அதுவரை கண்டதில்லை. முத்துக்காளையின் அப்பா மற்றத் தாளைவிட இரண்டு பங்கு கொடுத்து எடுத்தார். என் முதல் நல்ல வியாபாரம் அதுதான். சைக்கிள் போய் வண்டி வந்தது, வண்டி போய்க் கடை வந்தது. விரல் பட்ட தாளில் ஒன்றை மட்டும் எடுத்து, சேவு மடித்து, ராஜகனிக்குக் கொண்டுபோனேன்.

மை கொட்டினது என்று நினைத்துத்தான் வாங்கினேன். இதைக் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் தாளின் மதிப்புப் போகும், தலைவர் பதவி போகும், வீடும் வராமல் போகலாம். சொல்லாவிட்டால் சார் சென்னை வரை போய் என் எச்சிலுக்கு விளக்கம் எழுதுவார்.

நவம்பர் 12

நகராட்சி மண்டபம் நிறைந்திருந்தது. அதிகாரி ஒரு பெண்மணி. குறிப்புப் புத்தகத்தோடு முன்வரிசையில். சார் திரையில் தாளைப் போட்டார். அந்தப் புள்ளி சுவரில் தேங்காய் அளவுக்கு நின்றது. இன்று பேசியதைப் போல அவர் இதற்கு முன் பேசியதே இல்லை. கொட்டாவி விட்ட இரும்புக் கடைக்காரர்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

நான் எழுந்தேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தார்கள்.

"சார், அது மழை இல்ல. என் எச்சி."

யாருக்கும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். சைக்கிள், பொங்கல், பதினாலு கட்டு, ஈர விரல், சேவுக் கடை. சுந்தரவல்லி அம்மா யாருக்கும் விற்கவில்லை, வெளிநாட்டுக்கு ஒரு தாளும் போகவில்லை, இந்த ஊர்தான் சேவோடு சேர்த்துத் தின்று தீர்த்தது என்றேன். மை என்று நினைத்து வாங்கிவிட்டேன் என்றேன். மேசையிலிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு, அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, எப்படி வைப்பேன் என்று காட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப அண்ணாச்சி எச்சிக்கா மியூசியம் கட்டப் போறோம்?" என்றது. மண்டபமே சிரித்தது. முத்துக்காளைதான் உரக்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும், சின்னதில் தன் நாக்கு நீலமானதை நினைத்தோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான்.

சார் சிரிக்கவில்லை. திரையை அணைத்தார். தாளை உறையில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். முப்பது வருஷம் பிள்ளைகள் முன்னால் நின்றவர், இன்று ஊர் முன்னால் ஏமாந்து நின்றார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தலைவர் பதவியை ராஜினாமா செய்து எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

ராஜகனி மண்டபத்துக்கு வந்திருந்தாள். வீடு வரை ஒன்றாகத்தான் நடந்தோம். இந்தத் தாளை நாற்பது வருஷம் வைத்திருந்தாயே, தெரிந்துதானா என்று கேட்டேன். "நீங்க குடுத்ததுன்னுதான் வச்சிருந்தேன். மத்ததெல்லாம் சேவியர் சார் பேசப் பேசத்தான் புரிஞ்சுது" என்றாள்.

நவம்பர் 14

தூத்துக்குடி. சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவைத் திறந்ததும், "வாங்க, சேவியர் சார் போன் பண்ணினார்" என்றார் சுந்தரவல்லி. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, அந்தப் பையன் நான்தான் என்றேன்.

"தெரியும். போன தடவ பத்திரத்தக் குடுத்தேன்லா. நாக்குல வெரலத் தொட்டு ஓரத்துல வச்சீங்க. நாப்பது வருசம் கழிச்சும் அதே வெரலு."

எனக்கு அது நினைவே இல்லை. அன்றைக்கு எழுதியதில்கூட புரட்டினேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். "சொல்ல வேண்டியவுக நானா?" என்றார். பிறகு, "சார்கிட்ட ஒண்ணு கேட்டேன். மைன்னு நெனச்சு வாங்கினதாச் சொன்னீங்களாம்லா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மைன்னீங்க. மை இல்லன்னு நான் சொம்புத் தண்ணியில வெரலத் தொட்டு வச்சுக் காட்டினேன். எங்க மாமா மழையப் புடிச்சு வச்சது, யாராவது தேடி வருவாங்கன்னேன். அப்ப என்ன சொன்னீங்க?"

பதிலையும் அவரே சொன்னார். "மழையா இருந்தா இன்னும் கொறச்சுத்தான் எடுக்கணும், நனஞ்ச பேப்பருக்கு எவன் எடை போடுவான்னீங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுட்டே தூக்கிக் குடுத்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறல."

அப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாறவில்லை. தெரிந்துதான் வாங்கினேன். என் விரலுக்கு அடியில் வெள்ளைத் தாள் நீலமானதை என் கண்ணால் பார்த்தேன். மாடியில் அவர் நின்றதையும் பார்த்திருந்தேன். எல்லாம் தெரிந்த பிறகும் அது எனக்கு எண்ணெய் குடிக்கும் தாளாகத்தான் இருந்தது. ராஜகனியிடமும் ஊரிடமும் இந்த டைரியிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

வீட்டைக் கொடுப்பதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை. அந்தத் தாளைக் கண்ணாடிக்குள் வைக்கும்போது, அந்தப் பெரிய புள்ளியை மறைக்கக் கூடாது. அது என்ன என்பதை முழுசாக எழுத வேண்டும். "நான் சிரிச்சதையும் சேத்து" என்றார்.

டிசம்பர் 19

அதிகாரியிடமிருந்து பதில். வீட்டுப் பத்திரம் ஏற்கப்பட்டது. தாளும் ஏற்கப்பட்டது, ஒதுக்கீடு நம் ஊருக்கே. மனிதக் கறை உள்ள ஆவணம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு தாள் போதாது, மேலும் தேடவும் என்று ஒரு வரி.

புதுத் தலைவர் முத்துக்காளை. சார் இன்னும் என்னோடு பேசவில்லை. கடிதத்தின் நகலை மட்டும் கடைக்குக் கொடுத்தனுப்பினார். விரல் வைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு படித்தேன்.

ஜனவரி 12

ஊர் முழுக்க வெள்ளையடிப்பு. தெருவெல்லாம் பரண் சாமான். ஒரு வாரமாக நான் கடைக்குப் போகவில்லை. கீழ ரத வீதி வாடகைக் கடையில் ஒரு சைக்கிள் எடுத்து, பின்னால் சாக்கு கட்டி, தெருத் தெருவாகப் போகிறேன். பழைய பேப்பர் என்று கூவினேன். குரல் இன்னும் இருக்கிறது. வத்தல் முதலாளிக்கு என்ன ஆயிற்று என்று வாசலுக்கு வந்து பார்க்கிறார்கள். நீலப் புள்ளி போட்ட தாள் இருந்தால் தாருங்கள் என்று கேட்கிறேன். விபூதி மடித்தது, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தது, அலமாரித் தட்டில் விரித்தது. இதுவரை ஆறு கிடைத்திருக்கிறது. ஒன்றில் அடைமழை, புள்ளிகள் கோலி அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று.

மேல ரத வீதி வீட்டுக்கும் வெள்ளையடிக்கிறார்கள். சுந்தரவல்லி அம்மா மேற்பார்வைக்கு வந்திருந்தார். வாசலில் சைக்கிளைப் பார்த்ததும், "இந்தத் தடவ எவ்வளவு கொறப்பீங்க?" என்றார்.

சாரும் உள்ளே இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து போகவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு எழுதியதை நீட்டினார். அவர் எழுதியதில் 'அறியாமல்' என்று ஒரு வார்த்தை இருந்தது. பேனா வாங்கி அதை அடித்தேன். அடித்த பிறகு இப்படி இருக்கிறது:

'சாரல் மழை. மேற்கு மாடி. இத்தாளில் உள்ள புள்ளிகள் 212. அவற்றில் மழை 211. மேல் மூலையில் உள்ள ஒன்று மட்டும், இது மழை என்று வீட்டுப் பெண் சொன்ன பிறகும், நனைந்த பேப்பர் என்று விலை குறைத்து இதை வாங்கிய தவசிலிங்கம் என்பவரின் விரல். அவர் சொன்னதற்கு அந்தப் பெண் சிரித்தார். பதினாலு கட்டில் மீதியை இந்த ஊர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது.'

சார் ஒரு தடவை படித்தார். நீளமாக இருக்கிறது என்றார். இருக்கட்டும் என்றேன். இன்னும் வடக்குத் தெரு பாக்கி இருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.